விபத்துக்குப் பொறுக்க வேண்டாம்

ஜனவரி 3, புதன்

இந்த டைரி இன்சூரன்ஸ் ஏஜெண்ட் கதிரேசன் கொடுத்தது. அட்டையில அவரு போட்டோவும் போன் நம்பரும் பெருசா போட்டிருக்கு, என்னமோ எலக்சன்ல நிக்கிற மாதிரி. சும்மா கிடக்குதேன்னு எழுதிப் பாக்குறேன்.

மதனிக்குப் பித்தப்பையில கல்லுன்னு ஆபரேசன் ஆச்சு. அண்ணன் மில்லுல மாசச் சம்பளம், எல்லாத்தையும் மில்லே கட்டிருச்சு. ஏ.சி. ரூம்ல படுத்து ஆப்பிள் தின்னுட்டு வந்திருக்கா. பாக்கப்போன என்கிட்ட, "ஒனக்கு ஒண்ணுன்னா என்ன பண்ணுவ தமயந்தி?"ன்னு கேக்குறா. அக்கறையில்ல, குத்தல். எனக்குத் தெரியாதா அவளை.

ஆனா அவ கேட்டதுல நியாயம் இருக்கு. நான் பார்லர் வச்சிருக்கேன். என் வீட்டுக்காரரு சொந்தமா குட்டியானை வண்டி ஓட்டுறாரு, சின்னமனூர்லருந்து மதுரைக்கு வாழைத்தார் ஏத்திட்டுப் போவாரு. ரெண்டு பேருக்கும் முதலாளின்னு ஒருத்தன் கிடையாது. அது பெருமைதான், படுக்கிற வரைக்கும்.

இவருக்கு ஆறு வருசமா சர்க்கரை. இப்ப வலது கால்ல பெருவிரலுக்குக் கீழ ஒரு கொப்புளம் வேற. வண்டிக்குள்ள செருப்புப் போட மாட்டாரு, வண்டி அவருக்குச் சாமி. இஞ்சின் சூடு அப்படியே பாதத்துல ஏறியிருக்கு. சுட்டது தெரியலையான்னு கேட்டா, தெரியலைங்கிறாரு. கால் போனா வண்டி போச்சு, வண்டி போனா நாங்க போனோம். இந்த மாசமே இன்சூரன்ஸ் எடுத்துறணும்.

ஜனவரி 5, வெள்ளி

காசு கொடுத்து எதுக்கு எடுக்கணும், கவர்மெண்ட் காப்பீட்டு அட்டை இருக்கேன்னு வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போனேன். அட்டைக்கு வருமானச் சான்று வேணுமாம். போன வருசம் பார்லரைப் பெருசு பண்ண லோன் வாங்குனப்ப ஆடிட்டரை வச்சு வருமானத்தைக் கூட்டிக் காட்டியிருந்தேன். ஊரே அப்படித்தான் காட்டுது. வி.ஏ.ஓ. அதை எங்கயோ கேள்விப்பட்டிருக்காரு.

"லோனுக்குப் பணக்காரி, அட்டைக்கு ஏழையா? ரெண்டுல எதுன்னு முடிவு பண்ணிட்டு வாங்கம்மா."

பக்கத்துல நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. அந்தாளு பொண்டாட்டி புருவம் எடுக்க என்கிட்டத்தான் வருவா. வரட்டும், வச்சிருக்கேன்.

ஜனவரி 9, செவ்வாய்

பார்லர்ல கூட்டம் இல்ல. இவரை உக்கார வச்சு காலை வெந்நீர்ல போட்டேன். கொப்புளம் காஞ்சு, சுத்தியும் தோல் கட்டியாயிருந்துச்சு. பெடிக்யூர் பிளேடால சுரண்டி, கல்லால தேச்சு விட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை பொண்ணுங்க காலைப் பாக்குறேன், எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்ல. கொஞ்சம் ரத்தம் வந்துச்சு. வலிக்குதான்னு கேட்டேன். "கூசுது"ன்னு சிரிச்சாரு. கல்யாணப் பொண்ணு கால் மாதிரி ஆயிருச்சுன்னு நானும் கிண்டல் பண்ணேன்.

ஜனவரி 12, வெள்ளி

கதிரேசன் வீட்டுக்கு வந்தாரு. இவரு வெளிய போயிருந்தாரு, நல்லதாப் போச்சு.

சர்க்கரைன்னு சொன்னா கட்டுற பணமும் கூட, சர்க்கரையால வர்ற எதுக்கும் வருசக்கணக்குல பொறுக்கணுமாம். "நான் எதுவும் சொல்லலைக்கா. சார் நல்லா ஆரோக்கியமா இருக்காரு, எனக்கு அப்படித்தான் தெரியுது"ன்னாரு. பேனாவை எடுத்து, பாரத்துல இருந்த 'இல்லை' மேல வச்சுக்கிட்டு என் மூஞ்சியைப் பாத்தாரு. நான் காபி எடுக்க உள்ள போனேன். வந்து பாத்தா எல்லாத்துலயும் 'இல்லை' போட்டாச்சு. நான் ஒண்ணும் பொய் சொல்லல.

போறப்ப, "மாத்திரைச் சீட்டு, மருந்துக்கடை பில்லு, ஓ.பி. சீட்டு எதுவும் சர்க்கரைன்னு இருக்கப்படாதுக்கா. நாளைக்கு நோண்டுவாங்க"ன்னு சொன்னாரு.

பழைய சீட்டையெல்லாம் அடுப்புல போட்டுட்டேன். மாத்திரையை நிறுத்தியாச்சு. நாவல்கொட்டைப் பொடி அரைச்சு வச்சிருக்கேன். கசக்குதுன்னு மூஞ்சியைச் சுளிக்கிறாரு. கசந்தாத்தானே சர்க்கரை குறையும்.

ஜனவரி 17, புதன்

பொங்கல் முடிஞ்சது. தை முகூர்த்தம், ஒரே நாள்ல மூணு மணப்பொண்ணு. இடுப்பு விட்டுப் போச்சு.

ஜனவரி 22, திங்கள்

கம்பெனியிலருந்து ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. இவருகிட்டத்தான் பேசணுமாம். ஸ்பீக்கர்ல போட்டுப் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டேன்.

"உங்களுக்குச் சர்க்கரை இருக்கா சார்?"

"இருக்கும்மா. ரேஷன்ல போன வாரந்தான் வாங்குனேன்."

அந்தப் பொண்ணு சிரிச்சிருச்சு. மறுபடியும் கேட்டுச்சு. தொடையில நறுக்குன்னு ஒண்ணு கிள்ளுனேன். "இல்லம்மா"ன்னாரு.

போனை வச்சுட்டுத் தொடையைத் தேச்சுக்கிட்டாரு. அப்புறம், "பொய் சொல்றது எனக்கு ஆகாதுன்னு ஒனக்குத் தெரியும்ல"ன்னாரு. ஆகாதாம். வாழைத்தாருக்குக் காட்டுற எடையெல்லாம் மட்டும் தர்மராசா கணக்கா?

ஜனவரி 24, புதன்

பாலிசி போன்ல வந்துருச்சு. ரெண்டு பேர் பேரும் இங்கிலீசுல இருக்கு. சாமி படத்துக்கு முன்னாடி போனை வச்சுக் கும்பிட்டு எடுத்தேன். மதனிக்கு அனுப்பி வச்சேன். 'நல்லது'ன்னு ஒத்த வார்த்தை போட்டிருக்கா. வயிறு எரியட்டும்.

கதிரேசன் ஒண்ணு சொன்னாரு. நோய்க்கு முதல் ஒரு மாசம் கிடையாதாம், அதுக்கப்புறந்தான் செல்லுமாம். அதுக்கென்ன, ஒரு மாசம் ஓடிப்போகும்.

ஜனவரி 30, செவ்வாய்

வீட்டுல ஏதோ எலி செத்த வாடை. பரணை எல்லாம் இறக்கிப் பாத்தேன். எலியும் இல்ல, ஒண்ணும் இல்ல.

பிப்ரவரி 1, வியாழன்

வாடை இவரு கால்லருந்துதான்.

சாக்ஸ் போட்டுட்டுப் படுத்திருந்தாரு. ஆயுசுல சாக்ஸ் போடாத மனுசன். கழட்டுனேன். பெருவிரல் கறுத்துப் போய், கீழே குழி விழுந்திருக்கு. ஏன் சொல்லலைன்னு கேட்டேன். "ஒரு மாசம் ஆகட்டும்னுதானே சொன்ன"ங்கிறாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு என்ன சொல்லித் திட்டுனேன்னே ஞாபகமில்ல. அப்புறம் குளியலறையில போய் அழுதேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

பெரியாஸ்பத்திரிக்குப் போவோமான்னு இவரு கேட்டாரு. அங்க போனா முதல் சீட்டுலயே சர்க்கரைன்னு எழுதிருவாங்க. கட்டுன பணமும் போச்சு, பாலிசியும் போச்சு. அதுவுமில்லாம மதனியோட அப்பா விரல்ல புண்ணுன்னு அங்க போயி, முழங்கால் வரைக்கும் எடுத்துட்டு வந்தாரு. வேண்டாம்னு சொல்லிட்டேன். தனியார்ல காட்டுனா விரலோட போயிரும். ஆனா இன்னும் மூணு வாரம் கிடக்கு.

கதிரேசனுக்குப் போன் போட்டேன். யாருக்கோ கேக்குற மாதிரி கேட்டேன். "நோய்னா பொறுத்துத்தான் ஆகணும்கா. விபத்துன்னா பொறுக்க வேண்டாம், பணம் கட்டுன அன்னிக்கே கவர் ஆகிரும். ஏன்கா, யாருக்கும் ஏதாச்சுமா?"

ஒண்ணும் இல்லைன்னு வச்சுட்டேன்.

பிப்ரவரி 3, சனி

விபத்துன்னா பொறுக்க வேண்டாம்.

பிப்ரவரி 7, புதன்

சிலிண்டர் வந்துச்சு. தூக்கிட்டு வந்த தம்பி ரசீதுக்கு மேல காசு கேட்டான், கொடுத்தேன். பழைய சிலிண்டரைத் தட்டிப் பாத்தேன், பாதிக்கு மேல இருக்கு. எப்பவும் இவருதான் மாத்துவாரு. புதுசை அடுப்படி மூலையில வைக்கச் சொன்னேன்.

இவருக்குக் காய்ச்சல். வண்டி எடுக்கல.

பிப்ரவரி 9, வெள்ளி

தை அமாவாசை. விரதம். இவரு அப்பாவுக்குப் படையல் போட்டு காக்காய்க்குச் சோறு வச்சேன். எடுக்கல. பக்கத்து வீட்டு மாடியில நிறைய உக்காந்திருக்கு, இங்கிட்டு மட்டும் வரல.

பிப்ரவரி 11, ஞாயிறு

மத்தியானம் சிலிண்டர் மாத்தலாம்னு உருட்டிட்டு வந்தேன். இவரு அடுப்படி வாசல்ல வெறுந்தரையில படுத்திருந்தாரு. வலது கால் நீட்டியிருந்துச்சு. கண்ணு மூடியிருந்துச்சு. கை நழுவிருச்சு.

கை நழுவிருச்சு. தேதியோட எழுதி வச்சுக்கிறேன், நாளைக்கு யாராச்சும் கேட்டா சொல்லணும்ல.

இவரு கத்தவே இல்ல. நான்தான் கத்துனேன். பக்கத்து வீட்டுக்காரங்க ஓடி வந்தாங்க. இவரு பல்லைக் கடிச்சிருந்தாரு. தூக்கத்துல பல்லைக் கடிக்கிறது இவருக்குப் பழக்கந்தான், கல்யாணமான நாள்லருந்து பாக்குறேன். மரத்துப்போன கால், ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.

தேனியில தனியார் ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. தனி ரூம். கதிரேசனுக்குத் தகவல் சொல்லியாச்சு.

பிப்ரவரி 12, திங்கள்

டாக்டர் சின்ன வயசுக்காரரு. கட்டைப் பிரிச்சுப் பாத்துட்டு, "இது நேத்து வந்த புண் மட்டும் இல்லையேம்மா"ன்னாரு. சிலிண்டர் விழுந்துச்சுன்னு சொன்னேன். "சிலிண்டர் விழுந்தது தெரியுது. அதுக்கு முன்னாடி?"

முன்னாடி ஒண்ணும் இல்லைன்னேன்.

"சுகர் நானூத்தைத் தாண்டியிருக்கு. எத்தனை வருசமா?"

"அவருக்குச் சுகரே கிடையாது டாக்டர்."

மூணு மாசக் கணக்கைக் காட்டுற டெஸ்ட் ஒண்ணு இருக்காம். எடுக்கச் சொல்லிட்டுப் போயிட்டாரு. இவ்வளவு படிச்சவரு, ஒரு பொம்பள அழுதுட்டு நிக்கிறாளேன்னு பாக்க மாட்டேங்கிறாரு.

பிப்ரவரி 14, புதன்

மூணு விரலை எடுத்துட்டாங்க. நான் சம்மதக் கையெழுத்துப் போட்டேன். பெருவிரல் மட்டுந்தான் கறுத்திருந்துச்சு, மத்த ரெண்டும் சிலிண்டர் விழுந்து நசுங்குனது.

ஆபரேசனுக்கு முன்னாடி, காலையில டாக்டர் வந்து பாதத்துல அங்கங்க ஊசி முனையால தொட்டுப் பாத்தாரு. இவரு கண்ணை மூடிக்கிட்டு, "இங்க தெரியுது, இங்கயும் தெரியுது"ன்னு சொல்லிட்டே வந்தாரு.

"பெருவிரல்லயும் அடிப்பாதத்துலயுந்தான் உணர்ச்சி இல்ல. மேல நல்லாவே இருக்கு. விழுந்தப்ப உயிரே போயிருக்குமே சார், எப்படித் தாங்குனீங்க?"

"தூங்கிட்டிருந்தேன் டாக்டர்"ன்னாரு இவரு.

டாக்டர் என்னைப் பாத்தாரு. ஊசி முனையும் சிலிண்டரும் ஒண்ணா? எனக்குத் தெரியும் இவருக்கு வலிச்சுச்சா இல்லையான்னு.

பிப்ரவரி 16, வெள்ளி

வீட்டுக்கு வந்து கஞ்சி காய்ச்சி எடுத்துட்டுப் போனேன். பழைய சிலிண்டர் இன்னும் எரியுது. புதுசு ஹால்ல குறுக்க கிடந்துச்சு, மூலைக்குத் தள்ளிட்டேன். பார்லருக்கு ரெண்டு பேர் வந்து பூட்டைப் பாத்துட்டுத் திரும்பிட்டாங்களாம்.

பிப்ரவரி 20, செவ்வாய்

கம்பெனியிலருந்து விசாரணைக்கு ஒருத்தர் வந்தாரு. பேரு ஜெயசிங். சிரிச்ச முகம். என்னை வராந்தாவுல வச்சுக் கேட்டாரு. நான் சொன்னேன்: சிலிண்டர் மாத்த உருட்டிட்டு வந்தேன், இவரு படுத்திருந்தாரு, கை நழுவிருச்சு. எழுதிக்கிட்டாரு. பழைய சிலிண்டர் தீர்ந்திருச்சான்னு கேட்டாரு. ஆமான்னேன்.

அப்புறம் இவரைத் தனியாப் பாக்கணும்னு சொல்லிக் கதவைச் சாத்திக்கிட்டாரு.

வெளிய வந்தப்பவும் அதே சிரிப்பு. "வர்றேங்கம்மா"ன்னு போயிட்டாரு.

என்ன சொன்னீங்கன்னு இவருகிட்டக் கேட்டேன். "நானே தூக்கிட்டுப் போனேன், என் கை நழுவிருச்சு, நீ பார்லர்ல இருந்தன்னு சொன்னேன்."

ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு கேட்டேன். "ஒன் பேரு இதுல வேண்டாம்னுதான். நாளைக்கு போலீசு கீலீசுன்னு வந்துட்டா?"

என் பேரு ஏன் வேண்டாம்? நான் என்ன தப்புப் பண்ணுனேன்? ரூம்னு கூடப் பாக்காம சத்தம் போட்டேன். நர்ஸ் வந்து எட்டிப் பாத்துட்டுப் போச்சு. இவரு ஃபேனையே பாத்துட்டிருந்தாரு. பொய் சொல்ல ஆகாதுன்னு சொன்ன மனுசன், சொல்லக்கூடாத இடத்துல ஒண்ணு சொல்லித் தொலைச்சிருக்காரு. கெடுத்துட்டாரு. ஒரு வார்த்தையில எல்லாத்தையும் கெடுத்துட்டாரு.

மார்ச் 4, திங்கள்

பணம் தரமாட்டாங்களாம். சம்பவத்தைப் பத்தி ரெண்டு பேரும் வேற வேற சொல்லியிருக்கோமாம், நோயை மறைச்சிருக்கோமாம், பாலிசியையும் ரத்து பண்ணிட்டாங்களாம். கதிரேசன் போனை எடுக்க மாட்டேங்கிறாரு.

தனி ரூமைக் காலி பண்ணி பொது வார்டுக்கு மாத்தியாச்சு. மதனி பாக்க வந்தா. ஆப்பிள் வாங்கிட்டு வந்தா.

மார்ச் 8, வெள்ளி

புண் மேல ஏறுது. பெரியாஸ்பத்திரிக்கே கொண்டுபோயாச்சு. அங்க ஒரு டாக்டரம்மா, ஆரம்பத்துலயே வந்திருந்தா விரலோட போயிருக்கும்னாங்க. எல்லாருக்கும் பேச வாய் இருக்கு.

மார்ச் 15, வெள்ளி

முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க.

மயக்கம் தெளிஞ்சதும் முதல்ல என்னைத்தான் தேடுனாரு. தண்ணி கேட்டாரு, ஸ்பூனால கொடுத்தேன். "நீ சாப்டியா?"ன்னு கேட்டாரு. நான் வெளிய வந்துட்டேன். இப்படிக் கேக்காம நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூட எனக்கு நல்லாயிருந்திருக்கும். அவரைவிட்டா எனக்கு யாரு இருக்கா? எல்லாம் அவருக்காகத்தானே செஞ்சேன்.

செஞ்சேன்னா, இன்சூரன்ஸ் எடுத்ததைச் சொல்றேன்.

ஏப்ரல் 11, வியாழன்

வண்டியை வித்தாச்சு. வாங்குனவரு செருப்போட ஏறி உக்காந்தாரு. இவரு ஜன்னல் வழியாப் பாத்துட்டிருந்தாரு. தனியார் ஆஸ்பத்திரி பாக்கியைக் கட்டிட்டேன்.

பார்லருக்குக் கூட்டம் வருது. பாவம் பாத்து வர்றாளுக. வி.ஏ.ஓ. பொண்டாட்டியும் வந்தா. புருவம் எடுத்துவிட்டேன், ஒழுங்காத்தான்.

ஏப்ரல் 23, செவ்வாய்

சித்ரா பௌர்ணமி. கக்கத்துல கட்டை வச்சு நடக்கப் பழகுறாரு. நான் பிடிச்சுக்க வந்தா, "வேண்டாம், நானே"ங்கிறாரு. சுவத்தைப் பிடிச்சுக்கிறாரு, என்னைப் பிடிக்க மாட்டேங்கிறாரு.

மே 6, திங்கள்

கத்திரி ஆரம்பிச்சு ரெண்டு நாள் ஆகுது. ஃபேன் காத்தே அனலா வருது.

கதிரேசன் இத்தனை நாள் கழிச்சு வந்து நின்னாரு. முதல்ல நல்லாக் கேட்டுவிட்டேன். தலையைக் குனிஞ்சு எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு, "போனது போச்சுக்கா, இனிமே நடக்க வேண்டியதைப் பாப்போம்"ன்னு பையைத் திறந்தாரு. வேற கம்பெனியாம். விபத்துக்கு மட்டும் தனிப் பாலிசி. சர்க்கரையைப் பத்திக் கேக்கவே மாட்டாங்களாம், கட்டுறதும் கொஞ்சந்தான்.

ஹால்ல கட்டில்ல இவரு படுத்திருந்தாரு. நாங்க பக்கத்துல சேர் போட்டு உக்காந்து பேசுனோம்.

"ஒரு கை, இல்ல ஒரு கால் போனா பாதிப் பணம். ரெண்டும் போனா முழுசு"ன்னு கதிரேசன் படிச்சாரு.

இவருக்கு ஏற்கெனவே ஒண்ணு போயிருச்சே, எப்படிக் கணக்குன்னு கேட்டேன். தெரிஞ்சுக்கணும்ல.

"போனதுக்குக் கிடையாதுக்கா. இனிமே போனாத்தான்."

இவரு பேருல எடுத்துக்குவாங்களான்னு கேட்டேன். கேட்டுச் சொல்றேன்னாரு. ஒரு பாதுகாப்புக்குத்தான். நாளைக்கு ஒண்ணுன்னா மறுபடியும் தெருவுல நிக்க முடியாதுல. பாரத்துல என் கையெழுத்தைப் போட்டுட்டேன், இவரு போடலை. யோசிச்சு நாளைக்குப் போடுறேன்னு சொல்லிட்டாரு.

கதிரேசன் போனப்புறம் இவருக்கு மோர் கொண்டு போனேன். நான் கட்டில்கிட்ட வந்ததும் இருக்கிற காலை மடக்கி, போர்வைக்குள்ள இழுத்து வச்சுக்கிட்டாரு. குளிருதான்னு கேட்டேன்.

ஆமான்னாரு.